கதவு ஏற்காத கை

"மறுபடியும் கழுவினியா?"

"கழுவாம எப்படி மதினி உள்ள விடும்..."

"கழுவக் கழுவத்தான் விடாதுன்னு டாக்டரம்மா தலைப்பாடா அடிச்சிக்கிட்டாங்கல்லா. வெடிப்புக்குள்ளதான் கிருமி போய் உக்காருதாம்."

இன்பவல்லி பாத்திரம் தேய்க்கும் நாரால் தன் கைகளைத் தேய்த்துத் தேய்த்துப் புண்ணாக்கி வைத்திருந்தாள். ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகளின் அறைக் கதவு அவள் உள்ளங்கையில் கிருமி உண்டா என்று படித்துப் பார்த்துவிட்டு இன்றும் சிவப்பாகவே நின்றது. மகனை அவள் கண்ணாடி வழியாகப் பார்த்ததோடு சரி. அவனைத் தொட வீட்டில் ஒருவரைத்தான் அந்தக் கதவு உள்ளே விட்டிருந்தது. அது அவள் புருஷனின் அக்கா மரகதம்.

"உங்க கை எந்தச் சட்டியைத் தேச்சிருக்கு? அதான் பூ மாதிரி இருக்கு, கதவு உடனே தொறக்குது."

"பேசுட்டி, நல்லாப் பேசு. இந்தக் கதவு வந்த பொறவு உள்ள ஒரு பிள்ளைகூட கிருமி ஏறிச் சாகல. அதையும் நெனச்சுப் பாரு."

அது உண்மைதான்.

மரகதத்தின் குரல் இறங்கியது. "கொஞ்சம் எண்ணெய் தடவிக் கையைச் சும்மா வையி, ஆறிரும். அவனும் தேறிட்டான். நேத்து என் விரலைப் பிடிச்சான் பாரு, விடவே மாட்டேன்னு..." சொல்லும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மரகதம் உள்ளங்கையைக் காட்டியதும் கதவு பச்சையாகி விலகியது.

"மதினி, அவன் பிடிக்கையில, அது யாரு விரல்னு அவன்கிட்ட சொல்லுதீங்க?"