ஒப்புதலுக்கு வந்த விண்ணப்பம்

2025 மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் மூன்றரை மணி. வெளியே விடாத தூறல்.

நிறுவனத்தின் இணையச் செயலிக்குத் தலைமை வடிவமைப்பாளரான பெண்மணியின் மேசைமுன், அவர் குழுவில் வேலைபார்க்கும் இளையவள் வந்து நின்றாள்.

"அக்கா, என் பதவி உயர்வு விண்ணப்பம் உங்க ஒப்புதலுக்கு வந்திருக்கு. நாலு மணிக்குள்ள..."

"தெரியும். யார் எந்த விண்ணப்பத்தைத் திறந்திருக்காங்கன்னு நம்ம செயலி ஞாபகம் வெச்சுக்கற முறையையே மாத்தணும்னு சொன்ன மேதாவியாச்சே நீ!"

"அதைத்தான் நீங்க வேண்டாம்னுட்டீங்களே அக்கா."

"வேலையத்த வேலை. போ, பார்க்கறேன்."

வந்து இரண்டே ஆண்டுகள். அதற்குள் அவளுக்கு ஏழு பாராட்டுக் கடிதங்கள். உலாவியின் பக்கத்து டேபில் தன் பதவி உயர்வு விண்ணப்பத்தைத் திறந்து, பன்னிரண்டு ஆண்டுகளில் தனக்கு எத்தனை என்று சரிபார்த்தார்: நான்கு. வயிறு எரிந்தது. அவள் விண்ணப்பம் இருந்த டேபுக்குத் திரும்பி, "பக்குவம் போதாது, நிராகரிக்கிறேன்" என்று எழுதி, மின்னணுக் கையொப்பமும் இட்டார்.

நாலேகாலுக்கு மேலாளர் ஒரு தாளுடன் வந்தார்.

"உங்க பதவி உயர்வு விண்ணப்பத்தைப் பக்கத்து டேப்ல திறந்து வெச்சிருந்தீங்களா?"

"ஒப்பிட்டுப் பார்க்கத்தான் சார். ஏன்?"

"நம்ம செயலி ஓர் ஆளுக்கு ஒரு விண்ணப்பத்தைத்தான் ஞாபகம் வெச்சுக்கும், கடைசியாத் திறந்ததை. எந்த டேப்ல எழுதினாலும், யாரோடதுன்னு பார்க்காம, அதுலதான் பதியும். டேபுக்கு ஒண்ணு வெக்கணும்னுதான் அந்தப் பொண்ணு சொல்லிச்சு."

"அப்போ அவ விண்ணப்பம்?"

"நாலு மணிவரை நீங்க எதுவும் சொல்லல. விதிப்படி ஒப்புதல் ஆயிடுச்சு. கையெழுத்தான முடிவையும் ஒரு வருஷத்துக்கு மாத்த முடியாது."

மேலாளர் தாளை நீட்டினார். நிராகரிக்கப்பட்டிருந்தது தலைமை வடிவமைப்பாளரின் விண்ணப்பம். கீழே இருந்ததும் அவருடைய கையொப்பமே.