கீழ் ரூம் பேரம்

"மாடி ஒழுகினா ஒழுகட்டும். கீழ் ரூமைச் சரிபண்ணிக் கொடுங்க" என்றாள் மாமியார்.

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒழுகப்போவது அவளும் புருஷனும் படுக்கப்போகிற அறை. வாங்கப்போகும் வீட்டைச் சோதித்த இன்ஜினீயர், மாடித் தளத்தைத் தட்டிப் பார்த்து, "ஒரு மழை தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். பத்திரம் பதியும் முன் அதையெல்லாம் சரிசெய்து தரச்சொல்லிப் பேசத்தான் மூன்று பேரும் வந்திருந்தார்கள்.

வீட்டை விற்பவர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டார்.

"இன்ஜினீயர் சொன்னதை எல்லாம் செய்யணும்னா நான் புது வீடே கட்டிக் கொடுத்துடலாம். ஏதாவது ஒரு வேலை சொல்லுங்க, செஞ்சு தரேன்."

"மாடித் தளம்" என்றாள் மருமகள்.

"கீழ் ரூம்" என்றாள் மாமியார், அதே மூச்சில்.

புருஷன்காரன் ஜன்னல் கம்பியை ஆட்டிப் பார்க்கப் போய்விட்டான். இந்த மாதிரி நேரத்தில் அவனுக்கு எப்போதும் ஏதாவது வேலை அகப்பட்டுவிடும்.

"அத்தை, மழை பெஞ்சா நாங்க எங்க படுக்கிறது?"

"கட்டிலை நகர்த்திப் போட்டுக்குங்க. ஒரு பக்கெட் வெச்சா முடிஞ்சுது." மாமியார் விறுவிறுவென்று கீழ் அறைக்குள் நுழைந்தாள். "இந்த நிலைப்படியைத் தட்டி எடுத்துடுங்க. பாத்ரூம் கதவு இன்னும் அகலமா வேணும். உள்ளே வழுக்காத டைல்ஸ், புடிச்சு எழுந்திருக்கச் சுவத்துல கைப்பிடி. லைட் சுவிட்ச், படுத்தபடியே கைக்கு எட்டணும்."

"ஒரு வேலைதான்னு சொன்னேனேம்மா!"

"ஒரே ரூம்தானே? அப்ப ஒரே வேலைதான்."

மனிதர் தலையாட்டினார்.

மருமகளுக்கு விஷயம் விளங்கிவிட்டது. இத்தனை நாள் தனி வீட்டில் ராணி மாதிரி இருந்த மாமியார், பெட்டி படுக்கையோடு வந்து இறங்கப் போகிறாள்! எப்போதாவது ஒருநாள் வந்தாலே சமையலறை டப்பாக்கள் எல்லாம் இடம் மாறிவிடும். நிரந்தரமாக வந்தால் மருமகளே இடம் மாற வேண்டியதுதான். அதுவும் அந்தக் கீழ் அறையில் இவள் மனசுக்குள் ஏற்கெனவே தையல் மிஷினைப் போட்டு, கண்ணாடியும் மாட்டிவிட்டாள்.

மாமியாரும் மகனும் வெளியே போகும்வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்தினாள்.

"சார், வயசானவங்க ஏதோ ஆசைக்குச் சொல்றாங்க. கீழ் ரூமை விட்டுடுங்க. மாடியை மட்டும் முடிச்சுக் கொடுங்க."

"அவங்க கேட்டா?"

"ஆள் கிடைக்கலைன்னு சொல்லிடுங்க. மத்ததை நான் பாத்துக்கறேன்."

"நல்லதாப் போச்சு. எனக்கும் சுவரை இடிக்கிற வேலை மிச்சம்" என்றார் அவர், முகமெல்லாம் பல்லாக.

மருமகள் வெற்றி நடை போட்டு வெளியே வந்தாள். மாமியார் கார் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

"உங்களுக்கு வசதியா ரூம் அமைஞ்சிடுச்சு அத்தை" என்றாள், வாயெல்லாம் தேனாக.

"எனக்கா? நான் எதுக்கு என் வீட்டை விட்டு வரேன்? தினமும் உன் சமையலைச் சாப்பிடணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?"

மருமகள் திகைத்துப் போனாள். "அப்ப... அந்த ரூம் யாருக்கு?"

"உங்கம்மாவுக்குத்தான். பக்கவாதம் வந்ததுல இருந்து உன் அண்ணன் வீட்டு ஹால்ல கிடக்கறாங்க. வர்றவங்க போறவங்க முன்னாடி பாத்ரூமுக்குத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்தேன். மனசே கேக்கலை. அவங்களை இங்க கூட்டிட்டு வரணும்னு உனக்கு ஆசை இருக்கும். மாமியார் என்ன சொல்வாளோன்னுதானே வாயைத் திறக்காம இருக்கே? அதான் நானே பேசி முடிச்சுட்டேன்."

மருமகள் கார் கதவைப் பிடித்தபடி நின்றாள். அவமானத்தில் முகம் எரிந்தது.

"கைப்பையை உள்ளே மறந்துட்டேன் அத்தை. இதோ வந்துடறேன்!" என்று வீட்டுக்குள் ஓடினாள்.

கைப்பை அவள் தோளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.