பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா?

“ஏம்மா, நீ யார் வீட்டு ஆளு?”

உசிலம்பட்டி கல்யாண மண்டபத்தில், பந்திக்குப் போகிற வழியில் மறித்து நின்றார் அழகுபாண்டி.

“பொண்ணு வீடுங்க” என்றாள் நாகஜோதி.

“பொண்ணுக்குத் தாய்மாமனே நாந்தேன். எனக்குத் தெரியாம அது எந்த ஊருச் சொந்தம்?”

“இல்லங்க... மாப்ள வீடு.”

“மாப்ளைக்குச் சித்தப்பா இந்தா நிக்கிறாரு. என்ன மச்சான், உங்க ஆளா?”

சித்தப்பா உதட்டைப் பிதுக்கினார்.

“நினைச்சேன். நகை நட்டு காணாமப் போறதெல்லாம் இப்படித்தேன். பையத் தொற, பார்ப்போம்!”

நாகஜோதிக்கு உயிரே போய்விட்டது. பையில் இருந்தது ஹெச்.ஐ.வி. மாத்திரை. பொண்ணோட அம்மா செல்லக்கிளிக்கு.

நாகஜோதி மதுரையில், ஹெச்.ஐ.வி. மருந்து கொடுக்கிற மையத்தின் மருந்தாளுநர். மாத்திரை வாங்க வேண்டிய தேதி தாண்டினால் கம்ப்யூட்டரில் பேர் சிவப்பாகிவிடும். சிவப்பைப் பார்த்தால் அவளுக்குச் சோறு இறங்காது. மருந்தை விட்டால் அடங்கிக் கிடக்கிற கிருமி தலைதூக்கிடுமே! செல்லக்கிளி கல்யாண அலைச்சலில் வாங்க வரவில்லை. போன் போட்டால் அண்ணன்காரர் எடுக்கிறார். ‘நான் வரலைன்னா எங்க இருந்தாலும் தேடி வந்துரும்மா’ என்று முன்பே சொல்லி வைத்தவள் செல்லக்கிளிதான். அதனால்தான் வந்தாள். ஆனால் இந்தக் கூட்டத்தில் பையைத் திறந்தால் செல்லக்கிளியின் மானம் என்னாவது? தாலி ஏறி இன்னும் ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

“என்னண்ணே சத்தம்?” பட்டுச்சேலை சரசரக்க செல்லக்கிளியே வந்துவிட்டாள்.

“இவளத் தெரியுமா ஒனக்கு?”

செல்லக்கிளி ஏற இறங்கப் பார்த்தாள்.

“யாருன்னே தெரியலண்ணே. ஓசிச் சோத்துக்கு வந்தவ மாதிரி இருக்கு.”

“பையத் தொறக்க மாட்டேங்கிறாளே!”

“நல்ல நாளும் அதுவுமா என்னத்துக்குண்ணே வம்பு? நீ பந்தியக் கவனி. இவள நான் பார்த்துக்கிறேன்.” நாகஜோதியை இடுப்போடு வளைத்துப் பிடித்து இழுத்தாள். “நடடி வெளிய! வெக்கமா இல்ல? நாலு எழுத்துப் படிச்சவ மாதிரி இருக்க!”

வாசல் வரைக்கும் வசவு. மொத்த மண்டபமும் வேடிக்கை பார்த்தது. கடைசியில் ஒரு தள்ளு. நாகஜோதி ரோட்டில் வந்து நின்றாள்.

எதிர் டீக்கடையில் பைக்கோடு காத்திருந்தார் ஜெயபாண்டி. மையத்துக்காக வீடு வீடாகப் போகிறவர், வேலைக்குப் புதுசு. எல்லாவற்றையும் பார்த்துவிட்டார். முகம் சிவந்து போயிருந்தது.

“என்னம்மா இது அநியாயம்? லீவு நாள்ல இம்புட்டுத் தூரம் அவ உசுருக்காக ஓடி வந்திருக்க. நாயை விரட்டுற மாதிரி விரட்டுறா! இவளுக்கெல்லாம் நன்றின்னு ஒண்ணு இருக்கா?”

நாகஜோதி சேலையைச் சரிசெய்துகொண்டாள். கண் கலங்கியிருந்தது.

“அழாதம்மா. மாத்திரையக் கொண்டுபோய் மையத்துலயே வச்சிருவோம். வேணும்னா அவளே வந்து வாங்கட்டும். ஏறு வண்டியில.”

“எங்கிட்டு வைக்கிறது? பையி காலிண்ணே.”

“என்னது!”

“இடுப்பப் பிடிச்சு இழுத்தாள்ல, அப்பவே பைக்குள்ள கைய விட்டு மாத்திரைய எடுத்து முந்தானைக்குள்ள வச்சுக்கிட்டா. வெளிய எங்க பார்த்தாலும் எங்களத் தெரியாத மாதிரியே இருங்கன்னு வர்றவங்க எல்லாருக்கும் நாந்தான் சொல்லிக் குடுக்கிறேன். ஒருத்தரும் இம்புட்டு நல்லாச் செஞ்சதில்லண்ணே. அவ திட்டத் திட்ட, எனக்குப் பெருமை தாங்கல!”