பழைய வண்டிக்காரன்

"வேற கார் இன்ஜினும் கியர்பாக்ஸும் இதுல மாத்தினதிலேர்ந்து தொல்லைண்ணே. கியர் லேட்டா மாறுது, ஒரே குலுக்கல். டியூட்டிக்குப் போறதுக்குள்ள கழுத்து போயிடுது" என்றாள் ஜோவிதா.

சுங்குவார்சத்திரம் மெக்கானிக் சாம்சன் காரை ஓட்டிப் பார்த்தார். ஸ்கேனரை மாட்டிப் பார்த்துச் சிரித்தார்.

"கியர்பாக்ஸ் நல்லாத்தாம்மா கீது. ஆட்டோமேட்டிக் இல்ல? ஓட்டுறவன் கால் பழக்கத்த அதோட கம்ப்யூட்டர் கத்துக்கும். பழைய வண்டிக்காரன் எவனோ முரட்டுப் பய, ஆக்ஸிலேட்டர் மேல ஏறி நின்னுக்கினு ஓட்டிகீறான். அவன் புத்தி இன்னும் போகல. அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடறேன்."

"அழிச்சா மறுபடி வருமா?"

"வராதும்மா. நிம்மதியா போலாம்."

ஜோவிதா சட்டென்று ஸ்கேனர் ஒயரைப் பிடுங்கினாள்.

"வேணாம்ண்ணே. அந்த முரட்டுப் பய எங்க வூட்டுக்காரர்தான். அவர் கார்லேர்ந்து எடுத்ததுதான் இந்த இன்ஜினும் கியர்பாக்ஸும். போன ஈஸ்டருக்குப் போய்ச் சேர்ந்துட்டார். பதினாறு வருஷம் குடும்பம் நடத்தி என்னாலயே மாத்த முடியாத புத்தி. நீங்க அஞ்சு நிமிஷத்துல அழிச்சிடுவீங்களா? குலுக்கட்டும், விடுங்க."