ஆறரை மணி மாமியார்

“சாவியோ அப்பா, கொழம்புல உப்பு இல்லன்னு அவகிட்ட சொல்லுங்க.”

‘அவ’ என்கிற மருமகள் ஷாலு, இரண்டடி தள்ளி, கையில் கரண்டியோடு நின்றிருந்தாள்.

“உப்பு இல்லியாம்மா,” என்றார் இன்னாசி.

“டாக்டர்தான் கம்மியா போடச் சொன்னார்னு அத்தைகிட்ட சொல்லுங்க மாமா.”

“டாக்டர் சொன்னாராம், ஃப்ளோரா.”

“எனக்குக் காது கேக்குது,” என்றாள் ஃப்ளோரா.

ராயபுரத்தில் அந்த வீட்டில் எட்டு மாதமாக இதுதான் நடைமுறை. மகன் சாவியோ மாதா கோயிலில் தாலி கட்டாமல், பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டு வியாசர்பாடிப் பெண்ணைக் கூட்டிவந்த அன்றைக்கே ஃப்ளோரா மருமகளோடு பேச்சை நிறுத்திவிட்டாள். நிறுத்தினாள் என்பதுகூடத் தப்பு, ஆரம்பிக்கவே இல்லை. சாவியோ காலையிலேயே காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போய்த் தப்பித்துக்கொள்வான். நாளொன்றுக்கு முந்நூறு சேதி சுமந்தவர் இன்னாசிதான். முப்பத்தைந்து வருடம் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி, மலை மலையாய்க் கப்பல்களை இழுத்தவர். இந்த இரண்டு பெண்களை அரை அடி பக்கத்தில் இழுத்துவர அவரால் முடியவில்லை.

ஆனால் மாலை ஆறரை மணிக்கு மட்டும் ஓர் அதிசயம் நடக்கும்.

ஷாலு வீட்டிலிருந்தபடியே, இணையத்தில், சீனாக்காரர்களுக்கு ஆங்கிலம் பழக்குபவள். ஆறரை மணி வகுப்பு, நான்ஜிங்கில் இருக்கும் லீ மெய் என்ற நர்ஸுக்கு. வெளிநாட்டு வேலைக்காக மெய் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் தேற வேண்டும். புதுச் சொற்கள், வாசிப்பு எல்லாம் ஷாலு ஒருத்தியே நடத்திவிடுவாள். உரையாடலுக்குத்தான் இரண்டு குரல் வேண்டும். ‘வீட்டில்’ என்ற பாடத்தில் மாமியார் பேசுவதையும் ஒருநாள் அவளே கரகரவென்று பேசிக்காட்ட, கான்வென்ட்டில் படித்த ஃப்ளோராவுக்கு அந்த உச்சரிப்பைக் கேட்டு ரத்தம் கொதித்தது. தாளைப் பிடுங்கித் தானே படித்தாள். அன்றிலிருந்து மாமியார் வேஷம் அவளுடையது.

ஆறேகாலுக்கே முகம் கழுவி, அரை டப்பா பவுடரை அப்பி, ஈஸ்டருக்கு எடுத்த புடவையில் வந்து உட்கார்ந்துவிடுவாள்.

“கேமராதான் இல்லியே, எதுக்கு இத்தினி பவுடரு?” என்று கேட்டார் இன்னாசி.

“வாய்ஸ்ல தெரியும். நீங்க பேப்பரப் படிங்க.”

ஷாலு லேப்டாப்பைத் தன் பக்கம் திருப்பி வைத்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, தலையசைத்தாள்.

“என் அன்பு மகளே,” என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தாள் ஃப்ளோரா. “நீ சமைத்த மீன் இன்று மிகவும் சுவையாக இருந்தது.”

“நன்றி, அம்மா. உங்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.”

“களைப்பாகத் தெரிகிறாய். நீ ஓய்வெடு. பாத்திரங்களை நான் கழுவுகிறேன்.”

“அம்மா, உங்களுக்கு என்மேல் கோபமா?”

“கொஞ்சம் வருத்தம் இருந்தது, மகளே. இப்போது குறைந்துவிட்டது.”

இன்னாசிக்குக் கப்பல்காரர்களோடு பழகின இங்கிலீஷ் உண்டு. பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டார்.

ஷாலு ஹெட்போனை அழுத்திப் பிடித்தாள். “மாமா, கடைசி வரி மெய்க்குச் சரியா கேக்கலியாம். இன்னொரு தபா படிக்கச் சொல்லுங்க.”

ஃப்ளோரா இன்னொரு தபா படித்தாள். மூன்றாவது தபா, யாரும் கேட்காமலே படித்தாள்.

மணி ஏழானது. லேப்டாப் மூடியது.

“சாவியோ அப்பா, பாத்திரம் அப்டியே கெடக்குதுன்னு அவகிட்ட சொல்லுங்க.”

மறுநாள் ஃப்ளோரா மீன் வாங்கப் போயிருந்த நேரத்தில் இன்னாசி மருமகளிடம் கேட்டார்: “அந்த மெய்க்குப் பரீட்சை எப்பம்மா? மாதா கோயில்ல ஒரு மெழுகுவத்தி ஏத்தலாம்னு பாக்கறேன்.”

ஷாலு நறுக்கிக்கொண்டிருந்த வெங்காயத்தை அப்படியே வைத்தாள்.

“அது பாஸாகி ஒன்றரை மாசமாச்சு மாமா.”

“அப்ப தெனம் ஆறரை மணிக்கு யாரு கேக்கறது?”

“யாருமில்ல. புத்தகமும் முடிஞ்சிபோச்சி. பாடமெல்லாம் நானேதான் எழுதறேன்.”

“அந்த ஹெட்போனு?”

“சும்மா மாட்டிக்கினு கீறேன்.”

இன்னாசி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார். புயல் நேரத்துக் கடலில்கூட அவருக்கு இப்படித் தலை சுற்றியதில்லை.

“அத்தைக்குத் தெரிஞ்சா அந்த அரை மணி நேரமும் போயிடும் மாமா,” என்றாள் ஷாலு. “எங்கம்மாகிட்ட பேசறாப்பல கீது எனக்கு. சொல்லிடாதீங்க.”

அந்தோணியார் மேல் சத்தியம் செய்துகொடுத்தார் இன்னாசி. ஆனால் ரகசியத்தை வயிற்றில் வைத்துக்கொள்ளும் ஜாதியில்லை அவர். சாயங்காலத்துக்குள் மூன்று முறை தண்ணீர்க் குடத்தைத் தட்டிவிட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு கல்மண்டபம் வரை போய்விட்டு வந்தார்.

“இன்னா, மூஞ்சி பேயறைஞ்சாப்பல கீது?” என்றாள் ஃப்ளோரா, கண்ணாடி முன்னால் நின்றபடி.

“ஒண்ணுமில்ல. அந்தச் சீனாப் பொண்ணுக்கு இன்னிக்கு ஒரு நாள் லீவு விட்டா இன்னா? தெனம் தெனம் படிச்சா அதுக்கும் பேஜாருதானே?”

ஃப்ளோரா சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தாள். கதவை மெல்லச் சாத்தினாள். அவர் காதருகே வந்தாள்.

“அங்க யாருமே இல்லன்னு எனக்கு ஒரு மாசமா தெரியும், தண்ணி எடுக்கறாப்பல பின்னால போய்ப் பாத்தேன், ஸ்க்ரீன் அணைஞ்சி கெடந்துது, அந்தக் கருப்புல என் மூஞ்சிதான் தெரிஞ்சுது. அவகிட்ட சொல்லிக் கில்லித் தொலைக்காம கம்முனு கெடங்க, இன்னிக்குப் பாடத்துல மாமியாரு மருமகளக் கட்டிப் புடிக்கணும்னு எழுதி வெச்சிக்கீது.”