அளவு ஜாக்கெட்

கணுக்கால் பிசகிப் படுத்த ஒரே மாதத்தில், சித்ரலேகா வாயைக் கட்டி, தினமும் நடந்து குறைத்த எடையெல்லாம் திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. அவளைப் பார்த்து நடக்கக் கிளம்பிய ஓரகத்தி தமயந்தியோ விடாமல் நடந்து பாதியாக இளைத்துவிட்டாள். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாரும், "எப்படிம்மா?" என்று தமயந்தியிடம்தான் கேட்டார்கள். சித்ரலேகாவுக்கு வயிறு எரிந்தது. நாத்தனார் மகள் கல்யாணத்துக்குத் தைக்கக் கொடுக்கப் போனவள், கொடியில் காய்ந்த தமயந்தியின் ஜாக்கெட்டை அளவுக்கு உருவிக்கொண்டு போனாள்.

தையல்காரி பரிமளா அதை விரித்துப் பார்த்தாள். "இது இப்ப உங்க அளவு இல்லியேக்கா."

"இதே அளவுக்குத் தை. கல்யாணத்துக்குள்ள எறங்கிருவேன்."

"உள்ள துணி விட்டுத் தைக்கட்டுமா? பத்தலைன்னா பிரிச்சுக்கலாம்."

"ஒரு நூலும் விடாத."

பரிமளா சிரித்துவிட்டாள். "போன தீபாவளிக்கு உங்க ஜாக்கெட்டக் கொண்டாந்து அளவு குடுத்துத்தான் தமயந்தியக்கா இதத் தைச்சாங்க. அவங்களுக்கு அப்ப கையே நுழையாது. அவங்களும் இதையேதான் சொன்னாங்க."

சித்ரலேகா ஜாக்கெட்டை வாங்கி உள்பக்கம் திருப்பினாள். பிரிப்பதற்குத் துளித் துணி இல்லை.