முக்காடு யார் போடுவது?

வெள்ளைக்காரி சொன்னால் நவரட்ணத்தாருக்கு அது வேதவாக்கு. அவர் மனைவி மங்கையற்கரசிக்கு அதுதான் எரிச்சல்.

அவருடைய தங்கை மகன் சிறி, நோரா என்ற ஐரிஷ்காரப் பெண்ணைக் கட்டுகிறான். எண்பத்தாறாம் ஆண்டு, அவர்கள் குடியேறிய மோர்னிங்சைட் பக்கத்துத் தேவாலயத்தில் கலியாணம். இரண்டு வீட்டாருக்கும் நடுவில் மொழிபெயர்ப்பு நவரட்ணத்தார்தான்.

"மங்கை, பச்சைச் சேலை உடுத்தாதை. கலியாணத்துக்குப் பச்சை கூடாதாம். பூச்செண்டுக்குள்ளை குதிரை லாடம் வைக்கிறவையாம். பொம்பிளையை முதல் வாழ்த்திறது ஆம்பிளையா இருக்கவேணுமாம்."

"நாங்கள் ராகுகாலம் பாத்தால் மட்டும் உங்களுக்குச் சிரிப்பு!"

தேவாலயத்தில் சிறியின் அம்மா புனிதவதி கடைசி வாங்குப் பலகையில் ஒதுங்கி இருந்தாள். மகன் கெஞ்சியும் அசையவில்லை.

"நான் தாலியறுத்தவள் ராசா. நான் முன்னுக்கு வந்து உங்கடை வாழ்வுக்கு ஏதும் வந்திடப்படாது."

ஒரே பிள்ளையின் கலியாணத்தைப் பெற்றவள் ஒளித்திருந்து பார்ப்பதா? மங்கையற்கரசிக்கே அது பொறுக்கவில்லை.

அந்த நேரம் பார்த்து நவரட்ணத்தார் மணப்பெண்ணின் அறை வாசலில் நோராவின் அம்மா மிஸிஸ் டொய்லோடு குசுகுசுத்தார். அவள் கண்ணைத் துடைத்தாள்.

'மனுசன் வாயை வைச்சு அழப்பண்ணிப்போட்டுது!' என்று நினைத்தாள் மங்கையற்கரசி.

அவர் விறுவிறென்று தங்கையிடம் வந்தார்.

"எழும்பு புனிதம். பொம்பிளைக்கு முக்காடு போடுறது தாய்மாராம். அதுவும் விதவைத் தாய் போட்டால்தான் பிள்ளையளுக்கு நல்லதாம். அது அயர்லாந்து முறையாம்."

"மெய்யாவோ அண்ணை?"

"பின்னை? அந்த மனுசி உன்னைத்தான் பாத்துக்கொண்டு நிக்குது."

புனிதவதி எழும்பிப் போனாள். இரண்டு தாய்மாரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நோராவின் தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டார்கள். நோரா இருவரையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். சிறி அழுதே விட்டான்.

விருந்தின்போது மிஸிஸ் டொய்ல் மங்கையற்கரசியின் கையைப் பிடித்து, விளங்கட்டும் என்று ஆறுதலாக, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் சொன்னாள்:

"எங்கள் நாட்டில் புருசனோடு சந்தோசமாக வாழுகிறவள்தான் முக்காடு போடுவாள். நானும் விதவை. அதனால்தான் தொடப் பயந்து வெளியே நின்றேன். விதவைத் தாய் போட்டால்தான் நல்லது என்ற உங்கள் தமிழ் வழக்கத்தை நல்லவேளையாக உங்கள் கணவர் சொன்னார்!"

மங்கையற்கரசி திகைத்துப்போய்த் தன் மனுசனைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒன்றும் அறியாதவர்போல் கேக் தின்றுகொண்டிருந்தார்.

"யெஸ், யெஸ்," என்றாள் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில். "வெரி ஓல்ட் கஸ்டம்!"